நச்சுப் புகையும் ஊக்கிப் பெட்டியும்

1943ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆம் நாள், அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரைத் தடித்த புகைமூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது. கண்கள் எரிந்தன, தொண்டை கரகரத்தது, சில தெருக்களுக்கு அப்பால் நின்ற கட்டடங்கள் மறைந்தன. உலகப் போர் நடந்த காலமாதலால், பகைவர் நச்சுவாயுவை ஏவிவிட்டனரோ என்று மக்கள் அஞ்சினர். பின்னர், செயற்கை இறப்பருக்கு மூலப்பொருள் செய்த தொழிற்சாலையொன்றின்மீது பழி விழுந்தது. அங்கே வேலை நிறுத்தப்பட்டது. ஆயினும் புகைமூட்டம் நீங்கவில்லை.

நேயர்களே, மெய்யான காரணத்தைக் கண்டறிந்தவர், ஒல்லாந்து நாட்டிற் பிறந்து, கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய ஏரி ஹாகன்-ஸ்மிட் என்பவராவர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், நகரக் காற்றை ஆராயத் தலைப்பட்டார். மோட்டார் வண்டிகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் கக்கும் ஐதரோகாபன்கள், நைதரசன் ஒட்சைட்டுகளோடு சேர்ந்து, சூரிய ஒளியினால் ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகின்றன என்று அவர் காட்டினார். ஒவ்வொருவரும் தத்தம் வண்டியில் ஏறிச் சென்றே அந்நஞ்சைப் பரப்பிவந்தனர்.

இதற்கு மருந்து தேடியவருள் முதன்மையானவர், பிரான்சு நாட்டவரான இயூஜீன் ஊட்றி. தன்னளவில் மாறாது நின்று பிற பொருள்களின் இரசாயனத் தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருளை ஊக்கி என்பர். ஊக்கிகளைக் கொண்டு கனமான எண்ணெயிலிருந்து பெற்றோலைப் பிரித்தெடுக்கும் முறையால் முன்னரே புகழ்பெற்றிருந்த ஊட்றி, வண்டிப் புகையையும் அவ்வாறே தூய்மையாக்கலாம் என எண்ணினார். அவருடைய ஊக்கி மாற்றிக்கு 1956இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அது அக்காலத்து வண்டிகளுக்குப் பயன்படவில்லை. எஞ்சினில் எழும் தட்டொலியை அடக்குவதற்காக, 1921இல் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த ஈயச் சேர்மம் அன்றைய பெற்றோலிற் கலந்திருந்தது. அவ்வீயம் ஊக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனைச் செயலற்றதாக்கியது. ஊட்றி 1962இல் மறைந்தார். தம் கருவி தெருவுக்கு வந்ததை அவர் காணவில்லை.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், வண்டிப் புகையின் நஞ்சை நூற்றுக்கு 90 பங்கு குறைக்க வேண்டுமென விதித்தது. தவணைகள் பின்னர் நீட்டப்பட்டனவாயினும், சட்டம் தன் வேலையைச் செய்தது. 1975ஆம் ஆண்டின் அமெரிக்க வண்டிகளில் ஊக்கி மாற்றி பொருத்தப்பட்டது. ஈயமற்ற பெற்றோலும் விற்பனைக்கு வந்தது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இலும், உலகெங்கணும் வீதி வண்டிகளுக்கு அது 2021இலும் முடிவுக்கு வந்தன.

இப்பெட்டியினுள் இருப்பது, தேன்கூடு போன்ற நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. அதன்மீது பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய அருமையான உலோகங்கள் மிக மெல்லியதாகப் பூசப்பட்டுள்ளன. நச்சுவாயுவாகிய காபனோரொட்சைட்டு அங்கே காபனீரொட்சைட்டாகிறது. எரியாத பெற்றோல் ஆவி நீராவியும் காபனீரொட்சைட்டுமாகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் நைதரசனாகின்றன. இம்மூன்றும் ஒருங்கே நிகழ, ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற நிறை அளவு பேணப்படல் வேண்டும். அதனைக் காக்கும் ஒட்சிசன் உணரியை, 1976ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு வொல்வோ வண்டிகள் முதன்முதலாகக் கொண்டிருந்தன.

1996 முதல் அமெரிக்காவின் புதிய வண்டிகள் யாவும் தம்மைத் தாமே சோதிக்கும் கணினியைப் பெற்றன. பெட்டிக்கு முன் ஓர் உணரி, பின் ஓர் உணரி. பெட்டி நலமாயின், அது ஒட்சிசனைச் சேர்த்துவைத்து வேண்டும்போது கொடுக்கும். ஆகவே முன்னுணரியின் மின்னழுத்தம் ஏறி இறங்கினும், பின்னுணரி அமைதியாக இருக்கும். பின்னதும் முன்னதைப் போலவே துள்ளுமாயின், ஊக்கியின் திறன் குன்றியதென்று கணினி விளக்கை ஏற்றும். பீ 0420 என்னும் குறியெண் அதுவே.

என் பழைய வண்டியிலும் இவ்விளக்கு எரிந்தது. முதலிற் பார்த்த திருத்துநர், "சேர், உள்ளே இருக்கிறதை இடித்து எடுத்துவிடுவோம்; பின் உணரியைச் சற்று விலக்கிப் பூட்டினால் விளக்கு எரியாது" என்றார். செலவு சிறிது, மனமும் சற்றுச் சாய்ந்தது. எனினும் ஒவ்வொரு காலையும் பாடசாலை வாயிலில், வண்டிப் புகைக்கு நடுவே நிற்கும் பிள்ளைகளை எண்ணியபோது, தலையசைக்க இயலவில்லை.

வேறொரு முதியவரிடம் சென்றேன். அவர் பெட்டியைத் தொடவில்லை. முதலிற் குழாயின் பொருத்துகளிற் கசிவுண்டோ என்று பார்த்தார். கசிவு இருப்பின் உணரி பொய்யுரைக்கும் என்றார். உணரியைச் சோதித்தார், அதுவும் நன்றே. பின்னர் எஞ்சினைக் கவனித்து, ஒரு சிலிண்டரின் பொறிச்சுருள் பழுதென்று கண்டார். பல மாதமாக வண்டி நடுங்கியதை நான் பொருட்படுத்தாதிருந்தேன். எரியாத பெற்றோல் பெட்டிக்குட் சென்று அங்கே எரிந்து, பீங்கானை உருக்கிவிட்டது. "சுருளை மாற்றாமல் புதுப்பெட்டி போட்டால் அதுவும் போய்விடும்" என்றார். முதலிற் சுருளும், பின்னரே பெட்டியும் மாற்றப்பட்டன. செலவு என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிற்று. தவறு என்னுடையதே.

லொஸ் ஏஞ்சலிஸ் மக்கள் தொழிற்சாலையைப் பழித்தனர். நான் பெட்டியைப் பழித்தேன். காரணமோ இரண்டிடத்தும் ஓட்டியவரிடமே இருந்தது. நேயர்களே, உங்கள் வண்டியில் அச்சிறு விளக்கு எரியுமாயின், அதனை அணைக்கும் வழியை அல்ல, அது ஏன் எரிகிறது என்பதையே முதலிற் கேளுங்கள்.