உதவித்தொகை கோரும் கட்டம்: ஒரு சிறு வரலாறு

கடந்த ஞாயிறு மாலை, வைட்ஃபீல்டில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில், மேல்மாடி வீட்டுப் பெண் மடிக்கணினியோடு வந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள்; குடும்பம் தென்காசிப் பக்கம். திரையில் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம். “எல்லாம் எழுதிவிட்டேன் அண்ணா, இந்த ஒன்றுக்கு மட்டும் என்ன போடுவதென்று தெரியவில்லை” என்றாள். ‘நிதியுதவி கோர விரும்புகிறீர்களா? ஆம், இல்லை’ என்றிருந்தது அந்தக் கேள்வி. ‘இல்லை’ என்று குறித்தால் வாய்ப்புக் கூடும் என்பது கட்டணம் பெற்ற ஆலோசகரின் அறிவுரை. பின்னாலேயே வந்த அவள் தந்தை, “ஊரிலிருக்கிற வயலை விற்றாலும் இரண்டு வருஷத்துக்குத்தான் தாங்கும், தம்பி” என்றார்.

அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. அந்தக் கட்டத்திற்குப் பின்னால் நூற்றாண்டைக் கடந்த ஒரு வரலாறு இருக்கிறது. அவளைப் போன்றோருக்கும் அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அதை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விழுக்காடு பற்றி. ஆலோசகர் தந்த தாளில் ஒவ்வொரு கல்லூரிக்கு எதிரிலும் ஓர் எண் இருந்தது. 2023ஆம் ஆண்டுச் சேர்க்கையில் ஹார்வர்ட் 56,937 விண்ணப்பதாரர்களில் 1,942 பேரைத் தேர்ந்தெடுத்தது, அதாவது 3.41 விழுக்காடு. இது எல்லா வகை விண்ணப்பதாரர்களுக்குமான சராசரி. ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் வெளியான தரவுகளைக் கொண்டு பொருளியலாளர்கள் செய்த ஆய்வு, 2009 முதல் 2014 வரையிலான சேர்க்கையில் தேர்வான வெள்ளையின அமெரிக்க மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கும் மேலானோர் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், பேராசிரியர்களின் பிள்ளைகள், நிர்வாகத்தின் சிறப்புக் கவனம் பெற்றோர் ஆகிய பிரிவினர் என்று காட்டியது. வைட்ஃபீல்ட் மாணவி அநேகமாக இவற்றுள் எதிலும் இல்லை. வெளிநாட்டவரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 பேரையே சேர்க்க இயலும் என்று எம்.ஐ.டி. தன் தளத்தில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. ஆகவே தாளிலுள்ள எண் அவளுடைய வாய்ப்பைக் குறிப்பதன்று.

அவ்வாறெனில் அவளுடைய வாய்ப்பைத் தீர்மானிப்பது எது? வரலாறு தரும் விடை பெரும்பாலும் ஒன்றே: பணம் யாருடைய கையிலிருந்து வருகிறது என்பது.

நாங்கள் வாழும் இவ்வூரே ஒரு கொடையால் உண்டானது. 1882இல் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார், மைசூர்-குடகு யுரேஷிய, ஆங்கிலோ-இந்தியச் சங்கத்திற்கு 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். சங்கத்தை முன்னின்று நடத்திய டி. எஸ். ஒயிட்டின் பெயர் ஊருக்கு நிலைத்தது. அதே 1882இல்தான் பூனாவைச் சேர்ந்த கேசவ மல்ஹார் பட், எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் இந்தியரானார் என்கிறார் வரலாற்றாய்வாளர் ராஸ் பாசெட். அன்றைய எம்.ஐ.டி. பாஸ்டன் நகரில் நிதிக்குத் தடுமாறிக்கொண்டிருந்த இளம் நிறுவனம். அக்காலத்தில் இடம் பெறுவது பெரிய காரியமன்று. கடல் கடந்து போய்ச் சேர்வதும் செலவைத் தாங்குவதுமே பெரிய காரியம்.

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற அம்பேத்கருக்கு, பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கினார். படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அதன்படி 1917இல் பரோடா சென்றவருக்குத் தங்குவதற்கு ஓர் அறைகூட நிலைக்கவில்லை என்பதை நாம் அறிவோம். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், 1922இல் பாஸ்டனில் இறங்கினார். மாமனார் திரட்டிய பணமும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் ஆதரவுமே அவரை அங்கே கொண்டு சேர்த்தன. ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. மருத்துவமனையில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். இந்த இருவர் கதையிலும் கல்லூரி கதவைத் திறந்தது. படியேறும் செலவை ஏற்றவர்கள் கல்லூரிக்கு வெளியே இருந்தார்கள்.

சுப்பாராவ் சென்று சேர்ந்த அதே 1922இல் ஹார்வர்டில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. நுழைவுத் தேர்வில் வென்று வந்த யூத மாணவர்கள் முதலாண்டு வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தனர். கல்லூரித் தலைவர் லாரன்ஸ் லோவெல் அதற்கு வரம்பு கட்ட விரும்பினார். வெளிப்படையான ஒதுக்கீட்டை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. மாற்றுவழி விண்ணப்பப் படிவத்திலேயே அமைந்தது. தாயின் பிறந்தவீட்டுப் பெயர் என்ன, தந்தை பிறந்த ஊர் எது, குடும்பப் பெயர் எப்போதேனும் மாற்றப்பட்டதா என்ற கேள்விகள் நுழைந்தன. 1926 வாக்கில் ‘பண்பு’, ‘ஆளுமை’ ஆகியவற்றை எடைபோடும் அதிகாரம் சேர்க்கைக் குழுவின் கைக்கு வந்தது. இன்று ‘முழுமையான மதிப்பீடு’ என்று போற்றப்படும் முறையின் வேர் இங்கே இருக்கிறது என்பதை ஜெரோம் கராபெல் 2005இல் வெளியான தம் பெருநூலில் விரிவாக நிறுவினார். இம்முறை பிற்காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்குக் கதவைத் திறக்கவும் பயன்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எனினும் அதன் இயல்பு மாறவில்லை: தனக்கு எத்தகைய வகுப்பு வேண்டும் என்பதைக் கல்லூரியே முடிவுசெய்யும், மாணவரின் தகுதி அம்முடிவிற்கான பல சான்றுகளில் ஒன்று.

கல்லூரிக்கு அப்பால் அரசு என்ற இன்னொரு வாயிலும் இருந்தது. 1917ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பெரும்பரப்பைத் தடைசெய்யப்பட்ட மண்டலமாக்கியது; மாணவர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மட்டும் விலக்களித்தது. 1923இல் பகத்சிங் திந்த் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. படிக்கலாம், தங்கலாகாது என்பதே அதன் பொருள். 1965ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்நிலையை அடிப்படையில் மாற்றியது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே பணம் வரும் வழி மாறத் தொடங்கியிருந்தது. 1957இல் ஸ்புட்னிக் விண்ணேறியபின் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிதி பல்கலைக்கழகங்களில் பெருகியது. ஆய்வகங்களுக்குக் கைகள் தேவைப்பட்டன. கிண்டியிலிருந்தும் ஐ.ஐ.டி.களிலிருந்தும் சென்ற பட்டதாரிகள் ஆராய்ச்சி உதவியாளராகவும் கற்பித்தல் உதவியாளராகவும் ஊதியம் பெற்றுப் படித்தனர். மன்னரும் அறக்கட்டளையும் இருந்த இடத்தில் பேராசிரியரின் ஆய்வு நிதி வந்து அமர்ந்தது. ‘மெரிட் இருந்தால் அமெரிக்கா அழைக்கும்’ என்ற நம் நடுத்தர வகுப்பு நம்பிக்கை இக்காலத்தில் வேரூன்றியது. அந்த நம்பிக்கை பொய்யன்று. ஆனால் அது மேற்பட்டப் படிப்புக்கு உரியது. அங்கே மாணவர் உழைப்பைத் தருபவர். இளநிலை மாணவர் ஆய்வகத்திற்கு உழைப்பைத் தருவதில்லை. அவர் கட்டணம் செலுத்துபவராக இருக்கவேண்டும். இல்லையேல் கல்லூரிக்கு அவர் ஒரு செலவு.

எண்களும் இதையே காட்டுகின்றன. 2023-24இல் அமெரிக்காவிலிருந்த இந்திய மாணவர் 3,31,602 பேர். அவர்களில் மேற்பட்டப் படிப்பினர் 1,96,567. படிப்பு முடித்துத் தொழிற்பயிற்சியில் இருந்தோர் 97,556. இளநிலையினர் 36,053 மட்டுமே, நூற்றுக்குப் பதினொருவர்.

இப்போது அந்தக் கட்டத்திற்கு வருவோம். குடும்பத்தின் பணநிலையைக் கருதாமல் தேர்ந்தெடுக்கும் கொள்கையை அமெரிக்கர்களுக்குப் பல கல்லூரிகள் வைத்திருக்கின்றன. வெளிநாட்டவருக்கும் அதை நீட்டித்தவை மிகச் சிலவே. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் ஆகியவை நெடுநாளாக அவ்வரிசையில் உள்ளன. டார்ட்மவுத்தும் போடினும் 2022இல் சேர்ந்தன. நிதி நெருக்கடிக்குப்பின், 2010இல் வில்லியம்ஸ் கல்லூரி வெளிநாட்டவருக்கான இக்கொள்கையைக் கைவிட்டது. இத்தாராளம் கல்லூரியின் நிதிநிலையோடு ஏறி இறங்கும் என்பதற்கு அதுவே சான்று. ஸ்டான்ஃபோர்ட் உள்ளிட்ட ஏனைய பெரும்பாலானவற்றில், வெளிநாட்டவர் ‘ஆம்’ என்று குறித்தால் அதுவும் முடிவில் ஒரு காரணியாகும். அரசு என்ற அந்தப் பழைய வாயிலும் மூடப்படக்கூடியதாகவே இருக்கிறது: 2025 மே மாதத்தில் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் ஹார்வர்டின் அனுமதியை அமெரிக்க அரசு நீக்கியது, மறுநாளே நீதிமன்றம் அதைத் தடுத்து நிறுத்தியது.

ஆகவே ஆலோசகர் சொன்னது முழுப் பொய்யன்று, பாதி உண்மை. ‘இல்லை’ என்பது பல கல்லூரிகளில் வாய்ப்பைக் கூட்டும். சொல்லாமல் விட்ட மறுபாதி இது: சேர்க்கையின்போது உதவி கேளாத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்கப் பல கல்லூரிகள் இடமளிப்பதில்லை. முன்னணிக் கல்லூரிகளில் ஓராண்டுச் செலவு இப்போது 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. இரண்டாண்டில் வயல் தீர்ந்தால் மூன்றாம் ஆண்டுக்கு வழியில்லை.

நேற்று அவளிடம் இவற்றைச் சொன்னேன். பணநிலை பாராத கல்லூரிகளில் அச்சமின்றி ‘ஆம்’ என்று குறி. மற்றவற்றில் வாய்ப்புக் குறையும் என்று அறிந்தே ‘ஆம்’ என்று குறி. இல்லையேல் பட்டியலிலிருந்து நீக்கு என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்தாள். “அப்போ கிடைக்காவிட்டால் அது என் படிப்பைப் பற்றிய தீர்ப்பில்லை, அப்படித்தானே அண்ணா?” என்றாள். ஆம் என்றேன். எட்டுக் கல்லூரிகளை நீக்கிவிட்டு, ஐந்தில் ‘ஆம்’ என்று குறித்தாள். சிறுசேரியிலுள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் நுழைவுத் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் மாத இறுதியில் முடிவுகள் வரும். மறுப்புக் கடிதம் பெற்ற பிள்ளைகள் உங்களிடமும் வருவார்கள். எங்கே தவறினோம் என்று கேட்பார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையில் குறை தேடுவதற்கு முன், இந்த வரலாற்றைச் சுருக்கமாகவேனும் சொல்லுங்கள்.