இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம்

இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் என்பது உழைக்கும் இளைஞர்களே நடத்தும் அனைத்துலகக் கத்தோலிக்கச் சமூகநீதி இயக்கம் ஆகும்.

தோற்றம்: பெல்ஜியத்தில் 1925இல் நிறுவப்பட்டது. நிறுவுநர் அருட்தந்தை யோசேப் கார்டைன் (1882–1967). தம் பள்ளித் தோழர்கள் சிறுவயதிலேயே ஆலை வேலைக்குச் சென்று திருச்சபையிலிருந்து விலகியதைக் கண்டதே இவரது பணிக்குத் தூண்டுதலாயிற்று. 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்டார்.

செயல்முறை: ‘பார், சீர்தூக்கு, செயற்படு’ என்னும் மூன்று படிகள் கொண்டது. சிறு குழுவாகக் கூடும் இளைஞர்கள் தம் வேலைநேரம், கூலி, மேற்பார்வையாளர் நடத்தும் விதம் ஆகியவற்றை எடுத்துரைப்பர்; அவற்றை நற்செய்தியின் ஒளியில் ஆராய்வர்; கூடிச் செய்யத்தக்க ஒரு செயலை முடிவுசெய்வர்.

சிறப்பு: பாப்பரசர் 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட ‘மாத்தர் எத் மஜிஸ்திரா’ சுற்றுமடல் இம்முறையைத் திருச்சபையின் சமூகப் போதனையில் சேர்த்தது.