கடுக்காய் சென்ற வழி

கொல்லிமலை, ஜவ்வாது மலை முதலிய இடங்களில் மலைவாசிகள் பொறுக்கிச் சேர்த்து, வெயிலில் உலர்த்திச் சந்தைக்குக் கொண்டுவருகின்ற கடுக்காய், பார்வைக்கு வரியோடிச் சுருங்கிய அற்பமான ஒரு காய்தான். ஆயினும் வயிற்றுக் கோளாறுகளுக்கு ஔஷதமென்று அதனைப்போல் நெடுங்காலமாகவும் நெடுந்தூரத்திலும் மதிக்கப்பட்ட கனிகள் மிகச் சிலவே.

ஆயுர்வேதம் ஹரீதகி என்று கொண்டாடும் இக்கனியை, நோயுற்ற பிக்ஷுக்கள் மருந்தாக வைத்துக்கொள்ளலாமென்று புத்தர் அனுமதித்ததாக விநயபிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது. பௌத்த தர்மம் பரவிய வழியே கடுக்காயும் பரவியது. திபெத்தில் மருத்துவ புத்தரின் கரத்தில் அது இடம்பெற்றது. ஜப்பானில் ஷோமு சக்கரவர்த்தி காலமானபின், கி.பி. 756-இல் கோம்யோ அரசி தோதாய்ஜி ஆலயத்துக்குச் சமர்ப்பித்த 60 மருந்துகளின் ஜாபிதாவிலும் அது காணப்படுகிறது.

மேற்கே அதைக் கொண்டுசென்றவர்கள் அராபிய வைத்தியர்கள். அவர்களுடைய நூல்கள் லத்தீனில் பெயர்க்கப்பட்டபோது, கடுக்காயின் மூன்று முதிர்வு நிலைகளும், நெல்லியும், தான்றியுமாக ஐந்து கனிகள் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் விலைமதிப்புள்ள சரக்காக விளங்கின; போர்த்துக்கீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா 1563-இல் கோவாவில் அச்சிட்ட நூலிலும் அவற்றை விஸ்தாரமாக ஆராய்ந்தார். ஆனால் ஐரோப்பாவில் அவற்றுக்கிருந்த கீர்த்தி பெரும்பாலும் பேதிமருந்து என்பதோடு நின்றது. பேதிக்கு வேறு மருந்துகளும் இருந்தமையால் அந்தக் கீர்த்தி நாளடைவில் தேய்ந்துபோக, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கடுக்காயைத் தோல் பதனிடுவதற்காகவே ஐரோப்பியர் கப்பல் கப்பலாக வாங்கினர். இதில் வியப்பில்லை. கடுக்காயின் துவர்ப்பு தோலை இறுக்க வல்லது. சோழமண்டலக் கரையில் சாயமிடுவோர் எருமைப்பாலோடு கலந்து அதில் துணியைத் தோய்த்தெடுத்ததும், நம் கொத்தர்கள் கடுக்காய் ஊறிய நீரைச் சுண்ணாம்புச் சாந்தில் வார்த்ததும் அந்தத் துவர்ப்பை நம்பியே.

நம் நாட்டு வைத்தியமோ அதனை வெறும் பேதிமருந்தாகக் கருதவில்லை. மென்று தின்றால் பசித்தீயைத் தூண்டும், பொடித்து உண்டால் மலத்தைக் கழிக்கும், அவித்து உண்டால் கட்டும், வறுத்து உண்டால் மூன்று தோஷங்களையும் சமப்படுத்தும் என்று பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல் ஒரே காய்க்கு நான்கு குணங்களை வகுக்கிறது. மருந்து காயில் பாதி, பக்குவத்தில் பாதி என்பதே இதன் தாத்பரியம். அந்தப் பக்குவத்தை வீடுகளில் காத்துவந்தவர்கள் பெண்களே. நீரிலிட்டால் அமிழ்கிற கனமான காயாகத் தேர்ந்து, தட்டி உடைத்து, நஞ்சென்று கருதப்பட்ட கொட்டையை நீக்கி, தோலை மட்டும் இடித்து, துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்து வைத்துக்கொண்டு, இரவில் வெந்நீரோடு சிறிதளவு கொடுப்பார்கள். கைக்குழந்தைக்குப் பொடி இல்லை. சுக்கு, மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு இவற்றோடு முழுக் கடுக்காயையும் உரைகல்லில் தாய்ப்பால் விட்டு இரண்டொரு சுற்று இழைத்து, சங்கில் எடுத்துப் புகட்டுவார்கள். எத்தனை சுற்று என்பதே அங்கு அளவு.

இன்று கடுக்காய்ப் பொடி புட்டிகளில் அடைத்து விற்கப்படுகிறது; வாங்குவோர் பலருக்கு அதன் பக்குவமும் அளவும் தெரியாது. கர்ப்பிணிகளுக்கும், மிக மெலிந்தோருக்கும், பட்டினியால் தளர்ந்தோருக்கும் இதைக் கொடுக்கலாகாது என்று பழைய நூல்கள் விலக்கியிருப்பதையும் அந்தப் புட்டி எடுத்துச் சொல்வதில்லை. காயைப் போற்றுகிறவர்கள் அந்த விலக்குகளையும் சேர்த்தே கற்க வேண்டும்.