அலிகெனி நீதிமன்றம்: ஒரு கட்டடக்கலை வரலாறு

ஐக்கிய அமெரிக்காவிலே மாநிலத்தின் உட்பிரிவாகிய ஆட்சிப் பகுதி கவுண்டி எனப்படும். கவுண்டிதோறும் நீதிமன்றமே தலைமைக் கட்டடமாய் விளங்குதல் அந்நாட்டு மரபு. அவற்றுள், பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள அலிகெனி கவுண்டி நீதிமன்றம் தனிச்சிறப்பு வாய்ந்தது. கட்டடமொன்றின் வரலாறு அதன் இறுதிக் கல்லை வைத்த நாளோடு முடிவதில்லை என்பதற்கு அது தக்க சான்றாகும்.

குன்றொன்றின்மேல் கிரேக்கப் பாணியில் எழுந்து 1841இல் நிறைவெய்திய முந்திய நீதிமன்றம், 1882 மே மாதத்தில் தீக்கிரையாயிற்று. புதிய கட்டடத்துக்கு நடந்த போட்டியில் ஹென்றி ஹொப்சன் றிச்சட்சனின் வரைபடம் 1884இல் தெரிவுசெய்யப்பட்டது. பாரிசிலே பயின்றவராயினும், அவர் அக்காலப் பிரெஞ்சுப் பாணியைப் பின்பற்றினாரல்லர். இடைக்கால ஐரோப்பாவின் ரோமனெஸ்க் முறையையே தழுவினார். அரைவட்ட வளைவுகளும், தடித்த சுவர்களும், மெருகிடாத கருங்கற்களும் அவர் கைவண்ணத்தின் அடையாளங்கள்.

எனினும், இக்கட்டடத்தின் பெருமை அதன் பாணியில் மாத்திரம் தங்கியதன்று. பிற்ஸ்பேர்க் இரும்புக்கும் எஃகுக்கும் பேர்பெற்ற நகரம். நிலக்கரிப் புகை அதன் வானத்தை மூடியிருந்த காலம் அது. ஆதலின் றிச்சட்சன் நடுவே திறந்த முற்றமொன்றை வைத்து, அதனைச் சூழ மன்றங்களை அமைத்தார். ஒளியும் காற்றும் உட்புறத்திலிருந்தும் கிடைத்தன. முகப்பிலே ஓங்கி நிற்கும் கோபுரமோ அழகுக்கென எழுந்தது மட்டுமன்று. வீதிப் புகைக்கு மேலேயுள்ள தூய காற்றை உள்ளிழுக்கும் வாயிலாகவும் அது பயன்பட்டது. தேவையே இங்கு வடிவமாயிற்று.

நீதிமன்றத்தின் பின்னே சிறைச்சாலை நின்றது. அலங்காரம் அரிதாகிய அதன் பெருங்கற் சுவர்களே காண்போர் உள்ளத்தில் அச்சத்தை விளைவித்தன. வெனிசு நகரத்துப் 'பெருமூச்சுப் பாலத்தின்' பெயரையே பெற்ற கற்பாலமொன்று இரண்டையும் இணைத்தது. 1886இல் சிறைச்சாலை நிறைவுற்றது; அவ்வாண்டு ஏப்பிரலில் றிச்சட்சன் தமது நாற்பத்தேழாம் வயதில் காலமானார். எஞ்சிய பணியை அவர்வழி வந்த செப்லி, றூட்டன், கூலிச் என்போர் 1888இல் முடித்தனர்.

பின்னர் நகரமே கட்டடத்தை மாற்றியது. 1912இல் குன்றைத் தாழ்த்தும் வேலை தொடங்கவே, வீதி கீழிறங்கியது. தலைவாயில் அந்தரத்தில் நின்றது. அதற்கென அமைத்த படிகளும் வீதியை அகலமாக்கியபோது அகற்றப்பட்டன. நிலவறையாயிருந்த பகுதியே வாயிலாயிற்று. சிற்பி கருதிய முகப்பின் அளவொழுங்கு இவ்வாறு குலைந்தது. ஆயின், எவரும் கைவைக்க இயலாத நடுமுற்றத்தில் அவர் எண்ணம் இன்றும் சிதையாதுள்ளது.

1976இல் இது தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1995இல் மூடப்பட்ட சிறைச்சாலை, 2000ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றமாக மாறியது. கைதிகளை அடைத்த சுவர்களுக்குள்ளே குடும்ப வழக்குகள் கேட்கப்படலாயின. புறத்தோற்றத்தைக் காலம் மாற்றலாம். மக்களின் தேவையறிந்து வகுத்த அமைப்போ புதிய பணிக்கும் இடங்கொடுத்து நிலைபெறும். இதுவே அலிகெனி நீதிமன்றம் உணர்த்தும் உண்மையாகும்.