பிரேக்கில் புகுந்த காற்று

மோட்டார் வண்டியின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைச் சக்தி, மணிக்கு எத்தனை மைல் என்பன போன்ற கேள்விகளே நம் மனத்திலும் முதலில் எழுகின்றன. ஆனால் ஓடும் வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்த இயலாவிடின் அவ்வேகத்தால் ஆவது யாது? வண்டியை ஓட்டக் கற்ற மனிதன் அதை நிறுத்தக் கற்ற கதையும் கேட்கத் தக்கதே. அக்கதையில் திரவம் நண்பனாகவும் காற்று பகைவனாகவும் வருகின்றன.

கதையின் தொடக்கம் மோட்டாருக்கு மிகவும் முற்பட்டது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் குறைவின்றி எல்லாத் திசைகளிலும் பரவும் என்னும் உண்மையைப் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் விளக்கினார். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் அந்நூல் வெளிவந்தது. 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள சிறு பிஸ்டனை 1 கிலோகிராம் எடையால் அழுத்தினால், அதே திரவத்தோடு இணைந்த 10 சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 10 கிலோகிராம் எடையைத் தாங்கும். ஆயினும் இதற்கு ஒரு விலை உண்டு. சிறியது பத்து விரற்கடை நகர்ந்தால் பெரியது ஒரு விரற்கடையே நகரும். இதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர்ப் பயன்படும்.

1795-இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா இத்தத்துவத்தைக் கொண்டு நீரழுத்த இயந்திரம் ஒன்றை அமைத்து உரிமை பெற்றார். ஆனால் மோட்டார் வண்டிகளோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இரும்புக் கம்பிகளையும் வடங்களையும் நம்பியே நின்றன. பெரும்பாலான வண்டிகளுக்குப் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக்கு இருந்தது. நான்கு சக்கரங்களுக்கும் கம்பியைக் கொண்டு சென்றால், ஒன்று இறுகியும் மற்றொன்று தளர்ந்தும் போய், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கொண்டு ஓடும்.

இவ்விடரைத் தீர்க்க முனைந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்கீடு. தம் உடன்பிறந்தார் ஆலனுடன் விமானம் கட்டியவர் அவர். மிதியை அழுத்தினால் திரவம் குழாய்களின் வழியே ஓடி நான்கு சக்கரங்களையும் ஒரே அழுத்தத்தோடு பற்றும் முறைக்கு 1917-இல் உரிமை பெற்றார். 1921-இல் லெமான் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், திரவப் பிரேக்குப் பூட்டிய டூசன்பர்க் வண்டியை ஓட்டி ஜிம்மி மர்ஃபி வென்றார். மற்றவரினும் தாமதமாகப் பிரேக்கை மிதித்து வளைவுகளுக்குள் நுழைய முடிந்தது அவருக்குப் பெருந்துணையாயிற்று.

ஆயினும் லாக்கீடின் அமைப்பில் ஒரு குறை இருந்தது. பிஸ்டன்களைச் சூழ்ந்த தோல் கிண்ணங்கள் கசிந்தன. கிறைஸ்லர் நிறுவனத்துப் பொறியியலார் தோலை விலக்கி ரப்பர்க் கிண்ணங்களைப் புகுத்தினர். 1924-இல் வெளிவந்த கிறைஸ்லர் வண்டி இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. கம்பிப் பிரேக்கையே நெடுநாள் பற்றி நின்ற ஃபோர்டு நிறுவனமும் 1939-ஆம் ஆண்டு மாதிரிகளில் திரவத்துக்கு மாறியது.

திரவம் வெளியே கசிவது ஒரு தீமை. காற்று உள்ளே புகுவது மற்றொரு தீமை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று சுருங்க, கைப்பிடி இறங்கும். அதே குழாயில் நீரை நிரப்பி அடைத்தால் கைப்பிடி அசையாது. காற்று சுருங்கும், திரவம் சுருங்காது என்பதே இதன் பொருள். அழுத்தம் பத்து மடங்கானால் காற்றின் கன அளவு பத்தில் ஒரு பங்காகும் என்பது பாயிலின் விதி.

இதைப் பிரேக்குக்குப் பொருத்திப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் விட்டமும் 30 மில்லிமீட்டர் ஓட்டமும் உள்ள மாஸ்டர் சிலிண்டர், ஒரு மிதியில் சற்றேறக்குறைய 9 கன சென்டிமீட்டர் திரவத்தையே தள்ள வல்லது. குழாயில் 5 கன சென்டிமீட்டர் காற்று தங்கியிருந்தால், அழுத்தம் பத்து மடங்காகும்போது அது அரைக் கன சென்டிமீட்டராகச் சுருங்கும். தள்ளிய திரவத்தில் பாதி காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. மிதி பஞ்சுபோல் நெகிழ்ந்து தரையை நோக்கிப் போகிறது. சக்கரமோ போதிய பிடிப்பின்றிச் சுழல்கிறது. எதிரே ஒரு குழந்தை தெருவைக் கடந்தால் என்னாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

வேகம் வளர வளரப் பிரேக்கும் வளர்ந்தது. 1902-இலேயே பிரெடரிக் லாஞ்செஸ்டர் தட்டுப் பிரேக்குக்கு உரிமை பெற்றிருந்தார். அதன் பெருமையை உலகறியச் செய்தது 1953-ஆம் ஆண்டின் லெமான் 24 மணிப் பந்தயம். டன்லப் தட்டுப் பிரேக்குப் பூட்டிய ஜாகுவார் வண்டியில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் அதில் வாகை சூடினர். அது முதல் பெரிய தட்டு, பல பிஸ்டன்கள் கொண்ட காலிப்பர் என்று பிரேக்கு வலிமை பெற்றது. பந்தயத்துக்கென்று பிறந்த இவ்வமைப்புகளை இன்று சாதாரண வண்டிகளிலும் தனித் தொகுதியாக வாங்கிப் பூட்டுகின்றனர்.

இங்கேதான் பழைய பகைவன் மீண்டும் தலைகாட்டுகிறான். புதிய காலிப்பர் வரும்போது அதனுள் திரவம் இல்லை, முழுவதும் காற்றே. குழாயைக் கழற்றும்போதும் காற்று புகுகிறது. ஆகவே தொகுதியைப் பூட்டியதும் காற்றை வெளியேற்றியாக வேண்டும். பட்டறைத் தொழிலாளர் இதனைப் 'பிளீடிங்' என்பர். குருதியை வடித்தல் என்பது அச்சொல்லின் பொருள்.

முறை எளியது, பொறுமையே வேண்டுவது. காற்று மேல்நோக்கிச் செல்லும் இயல்புடையது. ஆகவே அதை வெளிவிடும் திருகு காலிப்பரின் உச்சியில் இருக்கும். வலக் காலிப்பரை இடப்புறம் மாற்றிப் பூட்டினால் திருகு கீழே போய்விடும். எவ்வளவு நேரம் முயன்றாலும் மேலே தங்கிய காற்று வெளிவராது. திருகில் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள புட்டியில் அமிழ்த்த வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்த, மற்றவர் திருகைத் தளர்த்துவார். மிதியை விடுமுன் திருகை மூட வேண்டும். இல்லையேல் காற்று திரும்பப் புகும். குமிழி நின்று தெளிந்த திரவம் வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மேலுள்ள திரவக் கலம் வற்றினால் பட்ட பாடெல்லாம் வீணாகும். சக்கரங்களின் வரிசை வண்டிக்கு வண்டி வேறுபடுமாதலின், செய்தவரின் கையேட்டைப் பின்பற்றுவதே முறை.

காற்றை முற்றும் நீக்கிய பின்னும் மிதி சற்று ஆழமாக இறங்கலாம். பாஸ்கல் தத்துவத்தின் விலை நினைவிருக்கிறதா? புதிய பிஸ்டன்களின் பரப்புப் பெரிதானால் அவற்றை நகர்த்த மிகுதியான திரவம் வேண்டும். இக்குறையைக் காற்றின் மேல் ஏற்றிப் பயனில்லை. தொகுதிக்கேற்ற மாஸ்டர் சிலிண்டரே இதற்கு மருந்து.

திரவமும் என்றும் ஒரே நிலையில் இராது. வழக்கமான பிரேக்குத் திரவம் நாளடைவில் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்னும் தரத்துத் திரவம் புதிதில் 230 பாகை சென்டிகிரேடுக்குக் குறைந்து கொதித்தல் ஆகாது. ஏறத்தாழ 4 விழுக்காடு நீர் சேர்ந்தபின் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. நீண்ட மலைச் சரிவில் பிரேக்கு காய்ந்து திரவம் கொதித்தால், உண்டாகும் ஆவியும் காற்றைப் போலவே சுருங்கி மிதியை ஏமாற்றும். குறித்த காலத்தில் திரவத்தை மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஒரு குழாய் பழுதுற்றாலும் மற்றொன்று காக்கும் இரட்டைப் பாதை முறையை அமெரிக்கா 1968-இல் கார்களுக்குக் கட்டாயமாக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் மின்னணுச் சாதனத்தைப் பாஷ் நிறுவனம் 1978-இல் மெர்சிடஸ் வண்டிகளில் புகுத்தியது. இத்தனை முன்னேற்றங்களுக்குப் பின்னும், குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் வேலை ஒழியவில்லை.

மாணவர்களே, பெரும் பொருள் செலவிட்டு வாங்கிய பிரேக்கும் சிறு குமிழி ஒன்றால் பயனற்றுப் போகலாம். பெரிய தட்டும் பளபளக்கும் காலிப்பரும் காண்போர் கண்ணைக் கவரும். அவற்றின் வலிமையைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பதோ, புட்டியைப் பார்த்தபடி கடைசிக் குமிழி வரும் வரை காத்திருக்கும் தொழிலாளியின் பொறுமை. பாதையில் செல்வோர் அனைவரின் உயிருக்கும் அதுவே காவல்.