நானோ யூரியா பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாகுமா?

உரக்கடையில் யூரியா கேட்டால், கூடவே ஒரு நானோ யூரியா பாட்டிலையும் எடுத்து வைக்கிறார்கள். 'ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம், மூட்டை தூக்கும் வேலை மிச்சம்' என்பதுதான் பாட்டிலோடு வரும் பேச்சு. சென்ற சம்பாவில் டெல்டா பகுதி விவசாயி ஒருவர் இதை அப்படியே நம்பி, நடவுக்குப் பின் போட வேண்டிய மேலுரம் இரண்டையும் நிறுத்திவிட்டு இரண்டு முறை பாட்டிலைத் தெளித்தார். அவர் என்னைக் கூப்பிட்டபோது பயிர் பூக்கும் தருவாயில் இருந்தது. அடி இலைகள் பழுத்து, தூர்கள் பக்கத்து வயலைவிடக் குறைவாக நின்றன. அந்த நிலையில் யூரியா போட்டாலும் போன தூர் திரும்பி வராது. "முன்னாடியே கேட்டிருக்கலாம் சார்" என்றார். அவரைப் போல மற்றவர்களும் அறுவடை நேரத்தில் வருந்தக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நானோ என்பது அளவைக் குறிக்கும் சொல். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் இருக்கும். நானோ யூரியாவில் உள்ள துகள்கள் 20 முதல் 50 நானோமீட்டர் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். ஒரு பொருளை இந்த அளவுக்குச் சிறிதாக்கினால் அதன் நடத்தையே மாறிவிடும் என்பது உண்மை. மருத்துவத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021ல் கொரோனாவுக்குப் பின்னால் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, ஆம்போடெரிசின் ஊசிக்கு ஊரெல்லாம் அலைந்தது நினைவிருக்கும். அது பழைய மருந்துதான். ஆனால் அப்படியே ஏற்றினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதையே 100 நானோமீட்டருக்கும் குறைவான கொழுப்பு உருண்டைக்குள் அடைத்துக் கொடுத்தபோது அந்தப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது.

ஆனால் மருந்து வேறு, சோறு வேறு. மருந்து மில்லிகிராம் கணக்கில் போதும், அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தால் சரி. சோற்றை எவ்வளவு பொடியாக அரைத்துக் கொடுத்தாலும் ஒரு ஸ்பூனில் வயிறு நிறையாது. தழைச்சத்து பயிருக்குச் சோறு. துத்தநாகம், போரான் போன்ற நுண்ணூட்டங்கள் மருந்து மாதிரி. ஒரு ஏக்கர் நெல் எடுத்துக்கொள்ளும் துத்தநாகம் நூறு, இருநூறு கிராம்தான். நானோ வடிவம் உதவினால் அங்கே உதவலாம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம். அதாவது 20.7 கிலோ. 2021ல் விற்பனைக்கு வந்த நானோ யூரியா அரை லிட்டர் பாட்டிலில் 100 மில்லிக்கு 4 கிராம் வீதம் 20 கிராம் தழைச்சத்து இருந்தது. இது ஆயிரத்தில் ஒரு பங்கு. 2024ல் அறிவிக்கப்பட்ட நானோ யூரியா பிளஸில் 100 மில்லிக்கு 20 கிராம். அதன்படி ஒரு பாட்டிலுக்கு 100 கிராம். கூடியிருக்கிறது, ஆனாலும் மூட்டையில் இருப்பதில் இருநூறில் ஒரு பங்குதான்.

மறுபக்கம், 60 கிலோ நெல் மூட்டை ஒன்றை விளைவிக்கப் பயிர் ஏறக்குறைய ஒரு கிலோ தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது. பாட்டிலில் உள்ள 100 கிராமும் சிந்தாமல் சிதறாமல் இலைக்குள் போனாலும் ஆறு கிலோ நெல்லுக்குத்தான் அது காணும். நிலத்தில் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் ஆவியாகவும் நீரோடும் போய்விடுகிறது என்பது சரிதான். சேற்று வயலில் பயிருக்குச் சேர்வது 30 முதல் 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒரு மூட்டையிலிருந்து ஆறு, எட்டு கிலோ சத்து பயிருக்குக் கிடைக்கிறது. 20 கிராம் அல்லது 100 கிராமோடு இதை எப்படிச் சமன் செய்வது?

சிறிய துகள் என்பதால் இலைத்துளை வழியாக நேராகச் செல்லுக்குள் போய்விடும் என்பது விற்பவர்களின் விளக்கம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், மண், பயிர் அறிவியல் இதழ் ஒன்றில் இந்த விளக்கத்தைக் கடுமையாக மறுத்து எழுதியிருக்கிறார்கள். செல்சுவரில் உள்ள நுண்துளைகள் பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவானவை. அதற்குள் 20, 50 நானோமீட்டர் துகள் எப்படி நுழையும் என்பது அவர்கள் கேள்வி. யூரியா தண்ணீரில் கரையக்கூடியது. கரைந்த யூரியாவை இலை எப்படியும் உறிஞ்சும், அதற்கு நானோ தேவையில்லை.

வயல் முடிவுகள் என்ன சொல்கின்றன? 94 பயிர்களில் சுமார் 11,000 வயல்களில் சோதித்ததில் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடியதாகத் தயாரிப்பாளர் தரப்பு கூறுகிறது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டு நடத்திய ஆய்வில், பரிந்துரைத்த தழைச்சத்தைக் குறைத்துவிட்டு நானோ யூரியா தெளித்தபோது நெல்லில் 13 சதவீதமும் கோதுமையில் 21.6 சதவீதமும் விளைச்சல் குறைந்தது. தானியத்தில் புரதமும் குறைந்தது.

இரண்டும் எப்படி? இதற்கு என் அனுபவத்தில் ஒரு காரணம் தெரிகிறது. நம் பகுதியில் ஏக்கருக்கு நான்கு, ஐந்து மூட்டை யூரியா போடுபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே ஒரு மூட்டையைக் குறைத்தால் எதைத் தெளித்தாலும், எதையும் தெளிக்காவிட்டாலும் விளைச்சல் குறையாது. இலைச்சுருட்டும் புழுவும் புகையானும் குறைந்து, பயிர் சாயாமல் நின்று, விளைச்சல் கூடவும் செய்யும். பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போய்விடும். அளவாகப் போடுகிற விவசாயி குறைத்தால்தான் அடி விழுகிறது.

நெல்லுக்கு என்ன செய்யலாம்?

டெல்டா பகுதிக்கு எக்டருக்கு 150 கிலோ தழைச்சத்து பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ, யூரியாவாகக் கணக்கிட்டால் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. டிஏபி போட்டிருந்தால் அதில் உள்ள தழைச்சத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என நான்காகப் பிரித்துப் போட வேண்டும். அடியுரத்தைக் குறைக்கும்படி தயாரிப்பாளர்களே சொல்வதில்லை. இதைக் கடைக்காரரிடமும் சொல்லுங்கள்.

யூரியா செலவைக் குறைக்க விரும்பினால் பாட்டிலைவிட இலை வண்ண அட்டை நல்ல துணை. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், மேலிருந்து மூன்றாவது இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். வெயில் நேராக அட்டையில் விழாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். பத்து இடங்களில் பார்த்து, ஆறிலாவது நிறம் 4க்குக் கீழே இருந்தால் மட்டும் ஏக்கருக்கு 26 முதல் 30 கிலோ யூரியா போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு 4க்குப் பதில் 3. இலை பச்சையாக இருக்கும் வாரத்தில் கை வைக்க வேண்டாம்.

இலைவழி கொடுக்க ஆசையா? பழைய முறை இருக்கிறது. கதிர் உருவாகும் பருவத்திலும் அதிலிருந்து பத்து நாள் கழித்தும், ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 4 கிலோ டிஏபி, 2 கிலோ பொட்டாஷ். டிஏபியை முதல்நாள் இரவே ஊறவைத்து மேல்தெளிவை வடிகட்டிக்கொள்ளுங்கள். இந்த 2 கிலோ யூரியாவின் விலை மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற கணக்கில் 12 ரூபாய். அதில் 920 கிராம் தழைச்சத்து இருக்கிறது. 225 ரூபாய்க்கு விற்ற முதல் பாட்டிலில் இருந்தது 20 கிராம்.

யூரியா வேண்டுமென்றால் பாட்டிலும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் மறுக்கலாம். அப்படிச் சேர்த்து விற்பதை நிறுத்தும்படி 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் மாநில முதல்வர்களுக்குக் கடிதமே எழுதினார். ரசீது கேட்டு வாங்கி, வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பாதுகாப்பு

நானோ யூரியா கரைசல் யூரியாவைவிட அதிக விஷமானது என்று பயப்படத் தேவையில்லை. நானோ வேளாண் பொருட்களை மதிப்பிடும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2020ல் வெளியிட்டது. 2021ல் நானோ யூரியா உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் சேர்க்கப்பட்டது. ஆனால் தெளிக்கும்போது எழும் பனித்துளி, எந்த மருந்தானாலும் நுரையீரலுக்கு நல்லதல்ல. முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காற்றுக்கு எதிராக நடக்காமை ஆகியவை இதற்கும் பொருந்தும். நீர்த்துப்போன உரம்தானே என்று வெறும் கையால் கலக்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது வேறு. நானோ வெள்ளி, நானோ தாமிரம் என்று சீட்டு ஒட்டி, பூஞ்சாணம், பாக்டீரியா எல்லாவற்றையும் கொல்லும் என்று விற்கப்படும் பாட்டில்கள். வெள்ளி நல்ல கிருமி, கெட்ட கிருமி பார்க்காது. தழைச்சத்தை மாற்றித் தரும் மண் பாக்டீரியாக்களும் அதில் அடிபடும். அது உலோகம் என்பதால் மட்கிப் போகாது, போட்ட வயலிலேயே சேரும். பூச்சி, நோயைக் கட்டுப்படுத்தும் என்று விற்கும் எதுவும் 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சீட்டில் பதிவு எண் இல்லையென்றால் வாங்காதீர்கள். உலோக நானோ தூள்களைத் தூளாகக் கையாள்வதும் கூடாது. கரைசலில் இருக்கும்போது இல்லாத ஆபத்து, பறக்கும்போது மூச்சில் இருக்கிறது.

ஏற்கெனவே பாட்டில் வாங்கிவிட்டீர்கள் என்றால் வீணாக்க வேண்டாம். நன்றாகக் குலுக்கி, லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி கலந்து, பனி காய்ந்த காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். ஆனால் வயலில் பத்து சென்ட்டை மூன்றாகப் பிரித்து வரப்புக் கட்டுங்கள். ஒன்றில் வழக்கமான யூரியா மட்டும், ஒன்றில் யூரியாவோடு பாட்டில், மூன்றாவதில் ஒரு மேலுரத்துக்குப் பதில் பாட்டில். தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாயக் கூடாது. அறுவடையைத் தனித்தனியே அடித்து, ஒரே நாள் காயவைத்து, ஒரே தராசில் எடை போட்டு, மூன்று எடையையும் நோட்டில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.