தோல் நம்முடையது, அச்சு யாருடையது?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செய்யாறு பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அவசியம் படியுங்கள். உங்கள் வேலையைப் பற்றியதுதான்.

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹே நகரில் உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் 1000 மீட்டர் பந்தயத்தை 1 நிமிடம் 24.924 வினாடியில் முடித்து நம் தமிழ்நாட்டு இளைஞர் ஆனந்த்குமார் வேல்குமார் தங்கம் வென்றார். அதற்கு முன் 2023 அக்டோபரில், ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 3000 மீட்டர் தொடர் ஓட்டத்தில் நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வெண்கலம் வாங்கின. ஆண்கள் அணியில் ஆனந்த்குமார் இருந்தார். பெண்கள் அணியில் நம் மாநிலத்தின் கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் இருந்தார்கள்.

எல்லோரும் பதக்கத்தைப் பார்த்தோம். எனக்கு அவர்கள் காலில் இருந்த பூட்டின் மேல் ஒரு கண். உலக மேடையில் ஓடும் ஸ்கேட் பூட்டுகள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பட்டறைகளில் செய்தவை. மேல்தரமான ஒரு ஜோடி, சக்கரம் எல்லாம் சேர்த்தால் லட்ச ரூபாய்க் கணக்கில் போகும். உலகத்துக்கே தோலும் ஷூவும் அனுப்பும் மாநிலம் நம்முடையது. அப்படியிருக்க, இந்த ஒரு பூட்டு ஏன் நமக்குத் தூரமாக இருக்கிறது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் நம் மாவட்டங்களின் நூறாண்டுத் தொழில் வரலாறே கூட வருகிறது.

முதலில் பூட்டைப் பார்ப்போம். நடக்கும்போது நம் செருப்பு விரல் பக்கம் மடங்க வேண்டும். மடங்காவிட்டால் நடக்க முடியாது. ஸ்கேட்டிங்கில் நிலைமை நேர்மாறு. அங்கே வீரர் காலைப் பக்கவாட்டில் தள்ளுகிறார். பூட்டு மடங்கினால் தள்ளும் விசை அங்கேயே வீணாகிவிடும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆகவே வெளிப்புறம் கல் மாதிரி இருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது 26 எலும்புகள் கொண்ட மனிதப் பாதம். கல்லை அதனோடு உரசவிட்டால் பத்து நிமிடத்தில் கொப்புளம்தான். வெளியே கடினம், உள்ளே மென்மை, இரண்டும் ஒரே பொருளில் கிடைக்காது. அதனால்தான் அடுக்குகள். வெளியே அச்சில் வார்த்த கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, அதற்குள் நுரைப் பஞ்சு, அதற்குள் வியர்வை உறிஞ்சும் துணி அல்லது மெல்லிய தோல். பலாப்பழத்தை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக வரும்.

இந்த இடத்துக்கு வந்து சேர உலகத்துக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1863-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் நான்கு சக்கர ஸ்கேட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். உடலைச் சாய்த்தால் திரும்பும் ஸ்கேட் அது. அந்தக் காலத்தில் ஸ்கேட் என்பது சாதாரண ஷூவின் அடியில் மாட்டிக்கொள்ளும் ஒரு தட்டு, அவ்வளவுதான். பிறகு அதற்கென்றே கணுக்கால் வரை உயர்ந்த தோல் பூட்டு வந்தது. தோல் நல்லதுதான், ஆனால் நாளாக நாளாகத் தளர்ந்துவிடும். 1960-களில் பாப் லாங்கே என்ற அமெரிக்கர் பனிச்சறுக்கு வீரர்களுக்குப் பிளாஸ்டிக் பூட்டு செய்தார். வார்த்த ஓடு வந்த கதை அங்கிருந்து தொடங்குகிறது. 1980-களில் மின்னசோட்டா மாநிலத்தில் ஓல்சன் சகோதரர்கள் தொடங்கிய ரோலர்பிளேடு நிறுவனம், சக்கரங்களை ஒரே வரிசையில் வைத்து, வார்த்த ஓட்டோடு அதை வீதிக்கே கொண்டுவந்தது.

பந்தய வீரர்களின் பூட்டு இன்னும் ஒரு படி மேலே. சிட்னியில் 1975-இல் இன்ஸே போண்ட் தொடங்கிய பட்டறை போன்ற இடங்கள் இதில் பெயர் பெற்றவை. வீரரின் பாதத்தை அச்செடுத்து அதே வடிவில் ஒரு போலிப் பாதம் செய்வார்கள். அதன்மேல் உள்துணி, நுரை, பசையில் தோய்த்த கார்பன் நார்த் துணி என்று அடுக்கடுக்காகப் போர்த்தி, காற்றை உறிஞ்சி, சூட்டில் இறுக வைப்பார்கள். சில பூட்டுகளை வாங்கிய பிறகும், கொதிநீரைவிடக் குறைந்த சூட்டில் இளக்கிக் காலுக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் அச்சு. ஷூவில் அச்சு இரண்டு வகை. பாதத்தின் வடிவில் இருந்து, ஷூவை அதன்மேல் இழுத்துக் கட்டப் பயன்படுவது லாஸ்ட். பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றும் இரும்பு அல்லது அலுமினிய அச்சு மோல்டு. ஒவ்வொரு அளவுக்கும் இடது, வலது என்று தனித்தனியாக வேண்டும். பத்து அளவு என்றால் இருபது வடிவங்கள். ஒரு தகவல்: ஆங்கிலேய ஷூ அளவில் ஒரு எண் என்பது ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் காலத்தில் அதை ஒரு பார்லி மணியின் நீளம் என்று கணக்கு வைத்தார்கள். 7-க்கும் 8-க்கும் இடையே இருப்பது அந்த ஒரு தானிய மணிதான்.

இனி நம் ஊர்க் கதை. பிரிட்டிஷ் காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியது ஷூ அல்ல, பாதி பதனிட்ட தோல். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட அந்தத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். அதை வாங்கி முழுமையாக்கி ஷூ தைத்தவர்கள் ஐரோப்பியர்கள். 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோம் பதனிடும் முறையைச் சோதித்துப் பார்த்தார். பின்னர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி வந்தது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். தினமும் அந்த ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1958-இல் இயக்குநரான டாக்டர் நாயுடம்மா, ஆய்வகத்தையும் தோல் பதனிடுகிறவர்களையும் ஒன்றாக உட்கார வைத்தவர். 1985-இல் கனிஷ்கா விமான வெடிப்பில் நாம் அவரை இழந்தோம். 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி மத்திய அரசு, பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 'முழுதாகச் செய்து அனுப்பு' என்பதுதான் அதன் பொருள். அதன் பலனாகத்தான் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் முழுத்தோலுக்கும், பிறகு ஷூவின் மேல்பாகமான அப்பருக்கும், கடைசியில் முழு ஷூவுக்கும் முன்னேறின. ஒவ்வொரு படியாக ஏறினோம்.

ஏறியதற்கு விலையும் கொடுத்தோம். அந்த விலையைக் கொடுத்தது பாலாறு. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் மாசு அபராதம் விதித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்குண்டு. ஒரு பொருளின் கீழ்ப்படியில் மட்டும் நிற்பவனுக்கு லாபம் குறைவு, அழுக்கு அதிகம். வரலாற்றில் இதைப் பல இடங்களில் பார்க்கலாம்.

இதற்கிடையில் உலகில் ஷூவே மாறிவிட்டது. விளையாட்டு ஷூ வந்தபின் தோலின் இடத்தை நுரையும் பிளாஸ்டிக்கும் செயற்கைத் துணியும் பிடித்தன. அந்தத் தொழில் ஜப்பான், தென்கொரியா, தைவான், சீனா, வியட்நாம், இந்தோனேசியா என்று கூலி குறைந்த இடம் தேடி நகர்ந்து நம்மிடமும் வந்தது. 1971-இல் தைவானில் பிறந்த ஃபெங் டே குழுமம், செய்யாறு சிப்காட்டில் நைக்கி ஷூ செய்யத் தொடங்கியது. இதே குழுமத்தின் தயாரிப்புப் பட்டியலில் ஐஸ் ஸ்கேட் பூட்டும் இருந்திருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. 2022-இல் தமிழ்நாடு அரசு காலணிக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெரம்பலூர் எறையூரில் காலணிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ நிறுவனத்தின் 1,500 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு அடிக்கல். இங்கெல்லாம் வேலைக்குப் போவது பெரும்பாலும் நம் பெண் பிள்ளைகள். வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய பெண் என்ற பெருமை சாதாரணமானதல்ல.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த வகைத் தொழிலில் ஷூவின் வடிவத்தைத் தீர்மானிப்பது பிராண்டு நிறுவனம். லாஸ்ட், மோல்டு எப்படி இருக்க வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகும். ஆர்டர் வேறு நாட்டுக்குப் போனால் அச்சும் பின்னாலேயே போய்விடும். பொருத்தும் வேலை மட்டும் நம்மிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதை ஸ்ரீபெரும்புதூர் ஒருமுறை பார்த்துவிட்டது. 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. வரி வழக்கு, நிறுவனம் கைமாறியது, சந்தை மாறியது என்று காரணங்கள் பல. காரணம் எதுவாக இருந்தாலும், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு வேலை தேடினார்கள்.

அப்படியானால் அச்சுக் கலை நம்மிடம் இல்லவே இல்லையா? இருக்கிறது. ஷூ ஊரில் தேடாமல் கார் ஊரில் தேட வேண்டும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. இவற்றைச் சுற்றி உதிரிபாகத் தொழிற்சாலைகள் முளைத்தன. பம்பர், டாஷ்போர்டு, கதவின் உட்பக்கம் எல்லாம் அச்சில் வார்ப்பவைதான். காரின் டாஷ்போர்டைத் தொட்டுப் பாருங்கள். பல கார்களில் அடியில் கெட்டியான பிளாஸ்டிக், நடுவில் பாலியூரிதேன் நுரை, மேலே தோல் போன்ற உறை இருக்கும். ஸ்கேட் பூட்டைத் திருப்பிப் போட்டது போலத்தான்: பூட்டில் கடினம் வெளியே, டாஷ்போர்டில் கடினம் உள்ளே. அடுக்குகளை ஒட்டுவது, நுரை சீராகப் பரவச் செய்வது, சூடு ஆறும்போது பொருள் சுருங்குவதை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சைச் சற்றுப் பெரிதாக வெட்டுவது, இதெல்லாம் டாஷ்போர்டுக்கும் பூட்டுக்கும் பொதுவான வித்தை.

படிக்கும் இடங்களும் ஒரே தடத்தில் இருக்கின்றன. கிண்டியில் 1957 முதல் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம். அதே கிண்டியில் 1968-இல் தொடங்கிய சிபெட், பிளாஸ்டிக்கும் மோல்டும் சொல்லித் தருகிறது. அங்கிருந்து பூந்தமல்லி தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் எஃப்.டி.டி.ஐ. எனப்படும் காலணி வடிவமைப்புக் கல்லூரி. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம். தோலுக்கு அடையாறு, அச்சுக்குக் கிண்டி, வடிவத்துக்கு இருங்காட்டுக்கோட்டை. ஒரே நாளில் டவுன் பஸ்ஸிலேயே மூன்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

என் கருத்து இதுதான். தோலில் தொடங்கி முழு ஷூ வரை நாம் ஏறிய ஒவ்வொரு படிக்கும் காரணம், இரண்டு தனித்தனி அறிவை யாரோ ஒன்றாகச் சேர்த்ததுதான். நாயுடம்மா ஆய்வகத்தையும் பதனிடும் தொட்டியையும் சேர்த்தார். அடுத்த படிக்கு ஆம்பூரின் கைப்பழக்கமும் ஒரகடத்தின் டூல் ரூமும் சேர வேண்டும். ஸ்கேட் பூட்டு பெரிய வியாபாரம் இல்லை என்று சொல்வீர்கள். உண்மைதான். ஆனால் சிறிய எண்ணிக்கையில், ஒவ்வொரு காலுக்கும் தனியாகச் செய்ய வேண்டிய பொருள் என்பதாலேயே, அச்சுக் கலை கற்க அது நல்ல பள்ளிக்கூடம். லட்சம் ஜோடி கேட்கும் ஆர்டரில் புதிதாக முயன்று பார்க்க இடமிருக்காது, பத்து ஜோடியில் இருக்கும். வாங்கி அணிய நம் ஊரிலேயே உலக சாம்பியன் இருக்கிறார்.

டூல் ரூமிலும் மோல்டிங் பிரிவிலும் இருக்கும் பிள்ளைகளே, ஷூ கம்பெனியில் லாஸ்ட்டிங் லைனில் நிற்கும் பெண்களே, உங்களில் யாராவது ஒருவர் மற்றவரின் வேலையை ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள். உங்கள் தொழிற்சாலையில் லாஸ்ட் எங்கிருந்து வருகிறது, மோல்டு உடைந்தால் யார் சரி செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கம்பெனி ரகசியம் எதையும் எழுத வேண்டாம், பொதுவாகச் சொன்னால் போதும். உங்கள் தம்பி தங்கைகள் பிளஸ் டூ முடித்து என்ன படிப்பது என்று கேட்டால், மேலே சொன்ன மூன்று இடங்களின் பெயரையும் பட்டியலில் சேருங்கள்.